தோற்புண்ணும் மருந்துக் களிம்பும்

நம் உடலுக்கு இயற்கை அளித்துள்ள போர்வை தோல். வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்துப் பரப்பினால் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். வெயிலையும் மழையையும் தாங்குவது, வியர்வையை வெளியேற்றி உடலின் வெப்பத்தைச் சமன் செய்வது, தொட்டதை உணர்வது ஆகிய தொழில்களையெல்லாம் அது ஓயாமல் செய்துவருகிறது. இவற்றோடு மற்றொரு பெருந்தொழிலும் அதற்கு உண்டு. கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உடலுக்குள் புகாதபடி காவல் காப்பதும் தோலே. அந்தக் காவலில் ஒரு கீறல் விழும்போது என்ன நேருகிறது? நாம் வாங்கிப் பூசும் களிம்பு அங்கே என்ன வேலை செய்கிறது? எவ்வாறு பூசினால் நன்மை, எவ்வாறு பூசினால் தீமை? இவற்றை மாணவ நேயர்களாகிய உங்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நான் தோல் நோய் மருத்துவன். என்னைக் காண வரும் மாணவர் பலர் வெறுங்கையோடு வருவதில்லை. பாதி பிதுக்கிய களிம்புக் குழாய் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். "இதைப் பூசினேன், கேட்கவில்லை, ஐயா" என்கிறார்கள். யார் கொடுத்தது என்று வினவினால், விடுதியில் அறைத்தோழன் கொடுத்தான் என்பார் ஒருவர்; வீட்டு அலமாரியில் கிடந்தது என்பார் மற்றொருவர். எந்த நோய்க்கு உரிய மருந்து அது என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. மேலே பூசும் மருந்துதானே, இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் எத்துணைத் தவறானது என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. முதலில் நோயை அறியவேண்டும். அடுத்து அதன் காரணத்தை அறியவேண்டும். அதற்குப் பின்னரே தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய முறை. நாமும் அம்முறைப்படியே செல்வோம்.

நலமான தோல் நுண்ணுயிரே இல்லாத வெறும் நிலம் அன்று. பல வகைப் பாக்டீரியாக்கள் அதன்மேல் குடியிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. தாம் இடம் பிடித்துக்கொள்வதால், தீய கிருமிகள் வந்து தங்குவதைத் தடுத்து நமக்கு உதவியும் செய்கின்றன. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையதாக இருப்பதும் ஒரு பாதுகாப்பு. ஆயினும் கீறல், கொசுக்கடி, சொறிந்த தழும்பு, காலணி உராய்ந்த இடம் ஆகியவற்றின் வழியே சில கிருமிகள் உள்ளே நுழைந்துவிடுகின்றன. அவ்வாறு நுழைபவற்றுள் முதன்மையானவை இரண்டு.

ஒன்று, ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் அறுவை மருத்துவராக விளங்கிய அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து ஆராய்ந்தார். திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாக அமைந்த உருண்டைக் கிருமிகளை அதில் கண்டார். கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு 1882-ஆம் ஆண்டில் அவற்றிற்குப் பெயரிட்டார். 1884-இல் ஜெர்மானியரான ரோசன்பாக், பொன்னிறமாக வளரும் வகைக்கு ஆரியஸ் என்னும் அடைமொழியைச் சேர்த்தார். இக்கிருமி, நலமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய நால்வருள் ஒருவருடைய மூக்கின் முன்பகுதியில் சத்தமின்றிக் குடியிருக்கிறது. மூக்கை நோண்டிய விரலால் புண்ணைச் சொறியும்போது கிருமியை நாமே கொண்டுபோய் விதைத்தவர்களாகிறோம். மற்றொன்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினஸ். இது மணிமாலை போலக் கோவையாக அமைவது.

இவை உண்டாக்கும் நோய்கள் பலவகை. சிறுவர்களுக்கு மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் சிறு கொப்புளங்கள் தோன்றி உடைந்து, தேன் உறைந்தாற்போன்ற மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டுவது ஒரு வகை. இதனை மருத்துவர்கள் இம்பெட்டைகோ என்பர். இது எளிதில் பரவும். ஒரே துண்டால் துடைத்துக்கொள்ளும் குடும்பத்தில் ஒருவரை விட்டு ஒருவருக்குத் தாவும். மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வைப்பது இரண்டாவது வகை. மயிர்க்கால் ஆழமாகப் பழுத்துக் கட்டியாவது மூன்றாவது வகை. கோடையில் வரும்போது வேனற்கட்டி என்கிறோம். தோலின் ஆழத்திலேயே அழற்சி பரவி, காலோ கையோ சிவந்து வீங்கிச் சுடுவது நான்காவது வகை.

இந்நான்கினுள் களிம்பு மட்டுமே போதுமானது எதற்கு? மேலோட்டமாகவும் சிறிய அளவிலும் உள்ள இம்பெட்டைகோவுக்கும் சில மயிர்க்காற் புண்களுக்கும் மட்டுமே. பழுத்த கட்டிக்கு உரிய மருத்துவம் உள்ளிருக்கும் சீழை முறையாக வெளியேற்றுவது. சீழ் நிறைந்த பையின்மேல் களிம்பைத் தடவுவது, பூட்டிய வீட்டின் கதவில் மருந்தைப் பூசிவிட்டு உள்ளிருப்பவன் குணமாவான் என்று காத்திருப்பது போன்றது. அதனை நாமே பிதுக்குவதும் தகாது. பிதுக்கினால் கிருமி ஆழத்திற்குத் தள்ளப்படும். முகத்தில் மூக்கையும் மேலுதட்டையும் சூழ்ந்த பகுதியிலுள்ள இரத்தக் குழாய்கள் மண்டையின் உட்புறத்தோடு தொடர்புடையவை. ஆதலால் அங்கே தோன்றும் கட்டியை ஒருபோதும் பிதுக்கலாகாது. ஆழமாகப் பரவும் அழற்சிக்கு மேற்பூச்சு எட்டாது. உட்கொள்ளும் மருந்தோ ஊசி மருந்தோ தேவைப்படும்.

இனி, பாக்டீரியாவால் வராத தோல் நோய்கள் பல உண்டு என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள். வட்டமாகப் பரவி ஓரத்தில் அரிக்கும் படர்தாமரை பூஞ்சைக் காளானால் வருவது. கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் அவ்வாறே. ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாய்க் கொப்பளித்து எரியும் அக்கி, வைரஸால் வருவது. இரவில் அரிப்பு மிகும் சொறி சிரங்கு, தோலுக்குள் வளை தோண்டும் ஒரு நுண்சிற்றுயிரால் வருவது. வேர்க்குருவோ வியர்வை நாளங்கள் அடைபடுவதால் வருவது. இவற்றுள் எதன் மூலத்தையும் பாக்டீரியாவைக் கொல்லும் களிம்பு தொடாது. சொறிந்து சொறிந்து அவ்விடத்தில் சீழ் வைத்தாலன்றி அக்களிம்புக்கு அங்கே வேலையே இல்லை.

இங்கே நம் நாட்டில் பெருகிவிட்ட ஒரு தீமையைச் சொல்லாமல் இருக்க இயலாது. பாக்டீரியாக் கொல்லி, காளான் கொல்லி, வலிமை மிக்க ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த கூட்டுக் களிம்புகள் கடைகளில் விற்கின்றன. எந்த நோயானாலும் மூன்றில் ஒன்று கேட்கும் என்பது வாங்குவோரின் நம்பிக்கை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கிவிடுகிறது. நோய் தீர்ந்தது என்று பூசுபவர் மகிழ்கிறார். உண்மையில் அடங்கியது தோலின் எதிர்ப்பே. காளான் தடையின்றிப் பரவுகிறது. படர்தாமரை உருமாறி, எளிதில் இனங்காண முடியாததாகிவிடுகிறது. தோல் மெலிந்து, வரிவரியாக வெடிப்புத் தழும்பும் விழுகிறது. இந்தத் தழும்பு பின்னர் முற்றிலும் மறைவதில்லை. இந்நிலையைக் கண்டே இந்திய அரசு 2018-ஆம் ஆண்டில், பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படிக்கும் பழக்கத்தை நீங்கள் இன்றே மேற்கொள்ளவேண்டும்.

நுண்ணுயிர்க் கொல்லிகளின் வரலாறும் தோலோடு நெருங்கிய தொடர்புடையது. 1928-இல் லண்டன் நகரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டபோது, அவர் தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தது ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியையே. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், முகத்திலும் கண்ணிலும் கிருமி பரவிச் சாகுந் தறுவாயில் இருந்த காவலர் ஒருவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் அம்மருந்தை ஊசிவழி செலுத்தினர். சில நாட்களில் அவர் வியக்கத்தக்க வகையில் தேறினார். ஆனால் உலகிலிருந்த பெனிசிலின் மிகச் சிறிதளவே. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்திப் பார்த்தனர். மருந்து தீர்ந்தது; நோய் திரும்பியது; மார்ச்சுத் திங்களில் அவர் இறந்தார். மருந்து கிடைக்காமல் ஒருவர் இறந்த அக்காலத்தை நினைத்துப் பார்த்தால்தான், கிடைத்த மருந்தை வீணாக்குவது எத்தகையது என்பது விளங்கும்.

அக்காலத்தில் பெனிசிலினைக் களிம்பாகவும் பூசினார்கள். விரைவிலேயே அதனைக் கைவிட நேர்ந்தது. தோலின்மேல் பூசிய பெனிசிலின், பலருடைய உடலில் ஒவ்வாமையைக் கிளறிவிட்டதே காரணம். 1945-இல் பாசிட்ராசின் என்னும் மருந்து வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடிபட்ட ஒரு சிறுமியின் புண்ணிலிருந்து பிரித்த கிருமி ஒன்றே அதனைச் சுரந்தது. கிருமியின் பெயரையும் சிறுமியின் குடும்பப் பெயரான டிரேசியையும் இணைத்தே அம்மருந்துக்குப் பெயர் வைத்தனர். 1949-இல் வாக்ஸ்மனும் லெக்கவாலியேயும் நியோமைசினைக் கண்டனர். இவ்விரண்டும் இன்றும் பூசப்படுகின்றன. ஆயினும் இரண்டும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை விளைவிப்பவை. நியோமைசினைப் பெரும்பரப்பான பச்சைப் புண்ணில் பூசினால் அது இரத்தத்தில் கலந்து காதின் கேட்கும் ஆற்றலையே கெடுக்கக்கூடும். மேற்பூச்சு மேலேயே நின்றுவிடும் என்று எண்ணுவது சரியன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்று மருத்துவர்கள் மிகுதியாக எழுதித் தருபவை ஃபியூசிடிக் அமிலமும் மியூபிரோசினும் ஆகும். முன்னது டென்மார்க்கில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டு 1962-இல் அறிவிக்கப்பட்டது. பின்னது சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் என்னும் மற்றொரு பாக்டீரியா சுரப்பது. இரண்டும் பெரும்பாலும் நூற்றுக்கு 2 பங்கு வலிமையில் கிடைக்கின்றன. அதாவது ஒரு கிராம் களிம்பில் 20 மில்லிகிராம் மருந்து. கிருமி உயிர்வாழப் புரதம் வேண்டும். புரதம் அமைக்க அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்கவேண்டும். ஐசோலூசின் என்னும் அமினோ அமிலத்தை உரிய இடத்திற்குக் கொண்டுசேர்க்கும் நொதியை மியூபிரோசின் பற்றிக்கொண்டு முடக்கிவிடுகிறது. ஒரு வகைச் செங்கல் மட்டும் வராமற்போனால் கட்டட வேலை முழுவதும் நின்றுபோவதைப் போலக் கிருமியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இம்மருந்து இரத்தத்தில் கலந்தால் விரைவில் சிதைந்து செயலற்றுப்போகும். ஆகவேதான் அதனை விழுங்கும் மாத்திரையாக்காமல் களிம்பாக மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

இத்துணைச் சிறந்த மருந்துகளைத் தாராளமாகப் பூசினால் என்ன என்று கேட்பீர்கள். இதற்கு நியூசிலாந்து நாடு ஒரு நல்ல பாடம். அங்கே 1991-ஆம் ஆண்டு முதல் மியூபிரோசினை மருத்துவர் சீட்டின்றியே வாங்க முடிந்தது. மக்கள் சிறு கீறலுக்கும் பூசினர். 1999-இல் சோதித்த ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 28 அம்மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. 2000-ஆம் ஆண்டில் அரசு தடை விதித்து, மருத்துவர் சீட்டு வேண்டும் என்றது. 2013-இல் அந்த எண் 11 ஆகக் குறைந்தது. ஆனால் இடைக்காலத்தில் ஃபியூசிடிக் அமிலத்தின் பயன்பாடு பெருகியது. அதற்கு அடங்காத கிருமிகள் 17-இலிருந்து 29 ஆக உயர்ந்தன. ஒரு கதவை அடைத்தால் கிருமி மறு கதவின் வழியே வந்துவிட்டது. எந்த மருந்தை நாம் அளவின்றி வழங்குகிறோமோ, அந்த மருந்தே நம் கையை விட்டுப் போகிறது.

இஃது எவ்வாறு நேருகிறது? கிருமிகள் பல்கிப் பெருகுகையில், மருந்தைத் தாங்கும் திறனுள்ளவை ஒன்றிரண்டு இயல்பாகவே தோன்றக்கூடும். மருந்து பட்டதும் ஏனையவை மடிய, இவை பிழைத்து, வெற்றிடம் முழுவதையும் தம் சந்ததியால் நிரப்புகின்றன. சில கிருமிகள் எதிர்ப்புத் திறனுக்குரிய மரபுக் கூற்றினைப் பக்கத்துக் கிருமிக்கும் வழங்கிவிடுகின்றன. 1945 டிசம்பரில் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஃபிளெமிங் இதனை எச்சரித்தார். குறைந்த அளவில் மருந்தைக் காட்டிக் கிருமியைப் பழக்கப்படுத்துவது எளிது என்றும், அறியாத மக்கள் அவ்வாறு செய்துவிடக்கூடும் என்றும் அவர் அஞ்சினார். அந்த அச்சம் மெய்யாயிற்று.

அப்படியானால் விளையாட்டுத் திடலில் விழுந்து முழங்கால் சிராய்த்தால் என்ன செய்வது? ஓடும் தூய நீரில் மண் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். மெல்லிய சோப்பினால் சுற்றுப்புறத்தைத் துடையுங்கள். வெறும் வாசலைனைத் தடவித் தூய துணியால் மூடுங்கள். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தோலில் சிறு அறுவை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களுள் ஒரு சாராருக்கு வாசலைனும் மறு சாராருக்குப் பாசிட்ராசினும் பூசினர். கிருமி பற்றியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பாசிட்ராசின் பூசியவர்களுள் மட்டும் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. தூய காயத்திற்கு நுண்ணுயிர்க் கொல்லி வேண்டுவதில்லை என்பது இதனால் தெளிவாகும். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு இவற்றை அப்புவதும், விழுங்கவேண்டிய மருந்துக் குப்பியைப் பிரித்துப் பொடியைத் தூவுவதும் அறவே கூடா. மண்ணும் துருவும் பட்ட காயமானால் இசிவு நோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டறிவது கடமை.

சீழ் வைத்த புண்ணுக்கு மருத்துவர் களிம்பு எழுதித் தந்தால், அதனைப் பூசும் முறை இது. முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் புண்ணின்மேல் சிறிது நேரம் வைத்துப் பொருக்கு ஊறிய பின் மெல்ல அகற்றவேண்டும். பொருக்கின்மேல் பூசிய மருந்து கிருமியைச் சென்றடையாது. பிறகு ஈரத்தை ஒற்றியெடுத்து, மெல்லிய படலமாக, புண்ணிலும் அதன் விளிம்பைச் சிறிது கடந்தும் பூசவேண்டும். தடித்துப் பூசினால் விரைவில் ஆறும் என்பதில்லை. குழாயின் வாயைப் புண்ணில் வைத்துத் தேய்க்கலாகாது. பூசிய பிறகு மீண்டும் கையைக் கழுவவேண்டும். கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் இது படலாகாது.

எத்தனை நாள் பூசுவது? பொதுவாக நாளைக்கு மூன்று முறை, ஐந்து முதல் ஏழு நாள் வரை எழுதித் தருவார்கள். பத்து நாளைக் கடப்பது வழக்கமன்று. இரண்டாம் நாளே புண் வாடிவிட்டது என்று நிறுத்துவதும் தவறு. ஆறிய பின்னும் இருக்கட்டும் என்று வாரக்கணக்கில் பூசுவதும் தவறு. மருத்துவர் குறித்த கெடுவே கெடு. மூன்று அல்லது ஐந்து நாளில் குணம் தெரியவில்லையானால் வேறு களிம்பு தேடாமல் மருத்துவரிடமே திரும்பிச் செல்லுங்கள். பூசிய இடத்தில் அரிப்பும் சிவப்பும் மிகுந்தால் அஃது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நிறுத்திக் காட்டவேண்டும். ஒருவருக்கென்று வாங்கிய குழாயை மற்றவர் பயன்படுத்தலாகாது. மிஞ்சியதை அடுத்த புண்ணுக்கென்று சேமித்து வைப்பதும் வேண்டா. துண்டு, சவரக் கத்தி, படுக்கை விரிப்பு இவற்றைத் தனியே வைத்து, நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டால் பாதி மருத்துவம் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நுண்ணுயிர்க் கொல்லியே இல்லாமல் ஆற்றக்கூடிய புண்ணும் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் என்னும் அமைப்பு, சிறிய அளவிலான இம்பெட்டைகோவுக்கு முதலில் நூற்றுக்கு 1 பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்பைக் கருதலாம் என்று 2020-இல் பரிந்துரைத்தது. கிருமி எதிர்ப்புத் திறன் பெறுவதைத் தவிர்ப்பதே அதன் கருத்து.

சில அறிகுறிகள் கண்டால் களிம்போடு காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சல், குளிர், புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் செங்கோடு, மணிக்கு மணி பரவும் வீக்கம், புண்ணின் அளவுக்கு மிஞ்சிய வலி, கண்ணருகில் அழற்சி ஆகியவை அத்தகையன. கைக்குழந்தைகளுக்கும், நீரிழிவு உள்ளோரின் காலிற் புண்ணுக்கும் தாமதமே கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்த புண் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பின், முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து செந்நிறமாகப் போகுமானால், அது சிறுநீரகம் தாக்குண்டதன் அடையாளம். புண்தான் ஆறிவிட்டதே என்று வாளாவிருத்தல் ஆகாது.

மாணவ நேயர்களே, ஊர்ப் பொதுக் குளத்து நீர் அனைவருக்கும் உரியது. ஒருவர் அதில் அழுக்கைக் கலந்தால் கெடுவது அவருடைய குடத்து நீர் மட்டுமன்று. நுண்ணுயிர்க் கொல்லிகளும் அத்தகைய பொதுச் செல்வமே. நீங்கள் தேவையின்றிப் பூசிய களிம்புக்குத் தப்பிப் பிழைத்த கிருமி, உங்கள் துண்டின் வழியே தம்பியிடமும், அவன் வழியே பள்ளித் தோழனிடமும், ஒரு நாள் மருத்துவமனையில் அறுவைக்குப் படுத்திருக்கும் ஒருவரிடமும் சென்று சேரலாம். அன்று அவருக்கு அம்மருந்து கேளாமற் போகும். அடுத்த முறை உங்கள் கை அலமாரியிலுள்ள குழாயை நாடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது பாக்டீரியாவால் வந்த புண்தானா? இதற்கென்று மருத்துவர் தந்த மருந்துதானா? எத்தனை நாளுக்கு என்று எனக்குத் தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால் மட்டும் குழாயைத் திறவுங்கள். இல்லையேல், சோப்பும் நீரும் எடுத்துக் கழுவத் தொடங்குங்கள்.